சைக்கிள் செயின் தொய்ஞ்சு கழருது: வீட்டிலை எத்தனை கண்ணி வெட்டலாம்?

விசுவமடு வாசி:

மகளின்ரை சைக்கிளைப் பற்றிக் கேட்கிறன். கியர் இல்லாத சாதாரண லேடீஸ் சைக்கிள். முன் பல்சக்கரத்திலை 44 பல்லு, பின்னாலை பிறீவீலிலை 18 பல்லு. செயின் தொய்ஞ்சு போய், கிறவல் றோட்டிலை குலுங்கேக்கை கழண்டு விழுது. பள்ளிக்கூடம் போற வழியிலை நாளுக்கு இரண்டு மூண்டு தரம் கையெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டு பிள்ளை திருப்பி மாட்ட வேண்டிக் கிடக்கு.

பின் சில்லை இழுத்து இறுக்கலாம் எண்டு பார்த்தால், அச்சு காடியின்ரை (அச்சைப் பூட்டுற நீளவெட்டு) கடைசியிலை முட்டிக்கொண்டு நிக்குது. இனிப் பின்னுக்கு இழுக்க இடமில்லை. பெடலுக்கும் பின் சில்லுக்கும் நடுவிலை செயினைப் பிடிச்சு மேலையும் கீழையும் அசைச்சால் மொத்தமா ஒண்டரை அங்குலம் ஆடுது.

செயினைக் கட்டையாக்கத்தான் வேணும் எண்டு விளங்குது. ஒரு கண்ணி வெட்டுறதா, இரண்டா? வீட்டிலை சுத்தியல், குறடு, 15 ஆம் நம்பர் ஸ்பனர், அரம் இருக்கு. செயின் கழட்டுற கருவி இல்லை. அது இல்லாமல் செய்யலாமோ?

குளக்கட்டு:

அக்கா, செய்யலாம். ஆனால் வெட்ட முதல் ஒரு அடிமட்டத்தாலை அளந்து பாருங்கோ. தொய்ஞ்ச செயின் இரண்டு வகை. ஒண்டு தேய்ஞ்சு நீண்டது, மற்றது முதல் நாளே நீளமாப் போட்டது. நீளமாப் போட்டதை வெட்டினால் வருத்தம் தீரும். தேய்ஞ்சதை வெட்டினால் ஒரு மாதம் நல்லா இருக்கிற மாதிரித் தெரியும், பிறகு பல்லுச்சக்கரத்தையும் தின்னத் தொடங்கும்.

செயின் நீளுறது எண்டால் இரும்பு இழுபட்டு நீளுறதில்லை. கண்ணிகளைக் கோர்க்கிற சின்ன உருக்கு ஊசி இருக்கெல்லோ, அதுவும் அது இருக்கிற துளையும் தேயுது. ஒவ்வொரு மூட்டிலையும் தலைமயிர் அளவு இடைவெளி வந்தால், நூறு மூட்டிலை அது கூடி நீளமாத் தெரியும்.

சைக்கிள் செயினிலை ஒரு ஊசி நடுவிலை இருந்து அடுத்த ஊசி நடு வரைக்கும் சரியா அரை அங்குலம், 12.7 மில்லிமீற்றர். லுமாலாவோ இந்தியச் சைக்கிளோ கியர் சைக்கிளோ, எல்லாத்துக்கும் அதுதான். அப்ப 24 இடைவெளி சரியா 12 அங்குலம் வரவேணும். மேல் பக்கச் செயின் விறைப்பா நிக்கிற மாதிரிப் பெடலைக் கொஞ்சம் அமத்திப் பிடிச்சுக்கொண்டு, ஒரு ஊசியின்ரை நடுவிலை அடிமட்டத்தின்ரை 0 ஐ வையுங்கோ. அங்கையிருந்து 24 ஆவது ஊசி எங்கை நிக்குது எண்டு பாருங்கோ.

12 அங்குலத்திலையே நிண்டால் செயின் புதுசு மாதிரி. அரை நூல் (ஒரு அங்குலத்தின்ரை 16 இலை ஒரு பங்கு) தாண்டினால் தேய்வு தொடங்கீட்டுது, ஆனால் ஒற்றைப் பல்லுச் சைக்கிளுக்கு இன்னும் ஓடும். ஒரு முழு நூல் தாண்டினால் செயினை மாத்துறதுதான் சரி, வெட்டக் கூடாது. அதுக்கு மேலை போனால் பிறீவீலையும் சேர்த்து மாத்தவேண்டி வரும். தேய்ஞ்ச பல்லிலை புதுச் செயினைப் போட்டால், எழும்பி நிண்டு உழக்கேக்கை பல்லுத் தாவும்.

இன்னும் ஒரு கணக்கு. உங்கடை அளவிலை ஒரு செயின் 52, 53 அங்குலம் வரும். 12 அங்குலத்துக்கு ஒரு நூல் தேய்ஞ்சால் முழுச் செயினும் நீளுறது அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலை. செயின் மேலையும் கீழையும் போறபடியால் சில்லு பின்னுக்குப் போறது அதிலை பாதி, 7 மில்லிமீற்றர். செயின் சாகிற வயசு வரைக்கும் தேய்ஞ்சாலே சில்லு அவ்வளவுதான் நகரும். காடி ஒரு அங்குலத்துக்கு மேலை நீளமா இருந்து அச்சு கடைசியிலை நிக்குதெண்டால், அந்தச் செயின் தொடக்கத்திலையே ஒரு சோடிக் கண்ணி கூடவாப் போட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

மூண்டு அளவு சொல்லுங்கோ: 24 இடைவெளியின்ரை நீளம், செயினிலை இருக்கிற மொத்த ஊசி எத்தனை, பெடல் அச்சின்ரை (முன் பல்சக்கரம் சுத்துற அச்சு) நடுவிலை இருந்து பின் சில்லு அச்சின்ரை நடு வரைக்கும் எவ்வளவு. எண்ணேக்கை ஒரு ஊசியிலை சோக்கட்டியாலை அடையாளம் போடுங்கோ.

விசுவமடு வாசி:

அளந்தன் தம்பி. 24 இடைவெளி 12 அங்குலமும் அரை நூலும். மொத்த ஊசி 106. நடுவுக்கு நடு 18 முக்கால் அங்குலம். காடியிலை அச்சுக்கு முன்னாலை ஒரு அங்குலம் வெறுமையா இருக்கு.

குளக்கட்டு:

கணக்கு அச்சாப் பொருந்துது.

நடுத்தூரத்தின்ரை இரட்டிப்பு 37 அரை. இரண்டு சக்கரத்துப் பல்லையும் கூட்டி நாலாலை பிரிச்சால் (44 + 18 = 62) 15 அரை. இரண்டும் சேர்ந்து 53. முன் சக்கரம் பெரிசு, பின் சக்கரம் சின்னன் எண்டபடியால் செயின் சாய்வாப் போகும். அதுக்குக் கால் அங்குலம். மொத்தம் 53 கால். உங்கடை செயின் புதுசிலை 106 அரை அங்குலம், அதாவது 53. தேய்வாலை வந்த கால் அங்குலத்தையும் சேர்த்தால் அதே 53 கால்.

தேய்வாலை வந்தது கால் அங்குலம் மட்டும் எண்டால், சில்லு பின்னுக்கு வந்தது அரைக்கால் அங்குலம்தான். அப்ப செயின் பூட்டின நாளிலேயே அச்சு காடியின்ரை வாலிலை நிண்டிருக்கு. செயின் நீளம் கூட. வெட்டலாம்.

ஒரு கண்ணியா இரண்டா எண்டு கேட்டிருந்தியள். சாதாரணச் செயினிலை ஒரு உள்கண்ணி (தகடு உள்ளுக்கை இருக்கிறது), ஒரு வெளிக்கண்ணி (தகடு வெளியிலை இருக்கிறது) எண்டு மாறி மாறி வரும். தனிய ஒண்டை எடுத்தால் இரண்டு உள்கண்ணியோ இரண்டு வெளிக்கண்ணியோ நேருக்கு நேர் வந்து நிக்கும், கோர்க்க ஏலாது. சோடியாத்தான் எடுக்க வேணும். சோடி ஒரு அங்குலம். சில்லு அரை அங்குலம் முன்னுக்கு வரும்.

ஒண்டரை அங்குலம் ஆடுது எண்டதாலை ஒண்டரை அங்குலம் வெட்டவேணும் எண்டு கனபேர் நினைக்கிறவை. அந்த ஆட்டத்துக்குக் காரணமா இருக்கிற கூடுதல் நீளம் வெறும் அரை நூல். காடியிலை இடம் இருந்திருந்தால் சில்லை ஒரு மில்லிமீற்றர் கூட இழுக்கத் தேவையில்லை, செயின் சரியாகியிருக்கும். இரண்டு சோடி வெட்டினால் சில்லு ஒரு அங்குலம் முன்னுக்கு வரவேணும். உங்களிட்டை சரியா அவ்வளவுதான் இருக்கு, ரயரும் முன்னுக்கு முட்டும். ஒரு சோடி. 106 ஐ 104 ஆக்குங்கோ.

பரந்தன் சந்தி:

வெட்டுற வேலையை நான் சொல்லுறன் அக்கா.

முதலிலை செயின் கவரைக் கழட்டி வையுங்கோ. லேடீஸ் சைக்கிளிலை முழுக்கவர் இருந்தால் பின்பக்கத் துண்டையாவது எடுக்கவேணும். பெடலைச் சுத்திக்கொண்டு செயினின்ரை வெளிப்பக்கத்தைப் பாருங்கோ. எல்லாக் கண்ணியும் ஒரே மாதிரி இருக்கேக்கை ஒண்டிலை மட்டும் மீன் மாதிரி வடிவிலை ஒரு மெல்லிய தகடு இருக்கும். அதுதான் லொக்கு. அந்தத் தகடு தலைப்பக்கம் மூடியும் வால்ப்பக்கம் பிளந்தும் இருக்கும்.

சில்லு நட்டுகளை இளக்கிச் சில்லை முன்னுக்குத் தள்ளிவிட்டுச் செயினை நல்லாத் தளர்த்துங்கோ. குறட்டின்ரை ஒரு வாயைத் தகட்டின்ரை பிளந்த வாலிலையும், மற்ற வாயை அந்த வாலுக்குக் கிட்ட இருக்கிற ஊசியிலையும் வைச்சு மெல்ல அமத்தினால் தகடு தலைப்பக்கமா வழுக்கி வெளியிலை வரும். ஒரு விரலாலை மூடிப் பிடியுங்கோ, துள்ளிப் பறந்தால் மணலுக்கை தேட ஏலாது. தகடு, அதுக்குக் கீழை இருக்கிற பக்கத்தகடு, இரண்டு ஊசியோடை இருக்கிற மற்றத் துண்டு, மூண்டையும் ஒரு சிரட்டைக்குள்ளை போட்டு வையுங்கோ.

இப்ப செயினின்ரை இரண்டு நுனியிலையும் உள்கண்ணிதான் இருக்கும். ஒரு நுனியை எடுத்து உருளைகளை எண்ணுங்கோ. முதலாவது உருளை வெறும் துளை. இரண்டாவதிலையும் மூண்டாவதிலையும் ஊசி இருக்கும். மூண்டாவது உருளையிலை இருக்கிற ஊசியைத்தான் கழட்ட வேணும். அது போனால் ஒரு உள்கண்ணியும் ஒரு வெளிக்கண்ணியும் சேர்ந்து சோடியாக் கழண்டு வரும், மிஞ்சின செயினின்ரை நுனியிலை திரும்பவும் உள்கண்ணி நிக்கும். பழைய லொக்கு அதிலை பூரும். இரண்டாவதிலை இருக்கிற ஊசியைக் கழட்டினால் நுனியிலை வெளிக்கண்ணி வந்திடும், லொக்குப் போட ஏலாது. அதாலை வெட்ட முதல் அந்த ஊசியிலை சோக்கட்டியாலை ஒரு கோடு கீறிப்போட்டு இன்னொருக்கால் எண்ணுங்கோ.

ஊசியின்ரை தலை தட்டிப் பரப்பியிருக்கும். அதை அரத்தாலை பக்கத்தகட்டோடை மட்டமா வரும் வரைக்கும் ராவுங்கோ. அதைச் செய்யாமல் அடிச்சால் தகடுதான் வளையும். எறியப்போற கண்ணியின்ரை ஊசி எண்டபடியால் தலை போறதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

அடியிலை வைக்க 6 மில்லிமீற்றர் போல்ட்டின்ரை நட் ஒண்டு எடுங்கோ. அதின்ரை துளை 5 மில்லிமீற்றர் அளவு, செயின் ஊசி மூண்டரைக்குக் கொஞ்சம் மேலை. ஊசி துளைக்குள்ளை இறங்கும், தகடு நட்டின்ரை விளிம்பிலை இருக்கும். நட்டை ஒரு கனமான இரும்பிலை வையுங்கோ. பலகையிலை வைச்சால் அடி உறைக்காது. ராவின பக்கம் மேலை. 3 அங்குல ஆணி ஒண்டின்ரை கூரை ராவி மட்டமாக்கி, அதை ஊசியிலை நட்டக்குத்தா வைச்சு அடியுங்கோ. சின்னச் சின்ன அடி நூறு அடிக்கிறதை விட, நேரா வைச்சு உறுதியா மூண்டு நாலு அடி நல்லது. ஆணி சரிஞ்சால் நிப்பாட்டித் திரும்ப நேராக்குங்கோ. ஆணி வளைஞ்சால் அடுத்த ஆணி. இரும்புத்தூள் தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கோ. பிள்ளையள் கிட்ட நிக்கக் கூடாது.

பழைய லொக்கைத் திருப்பிப் போட முதல் மீன்தகட்டைப் பாருங்கோ. வால் விரிஞ்சிருந்தால், வெடிப்பு இருந்தால், ஊசியிலை போட்டபிறகு விரலாலை தள்ளவே கழண்டால் புதுசு வாங்குங்கோ. கடையிலை கேட்கேக்கை கியர் இல்லாத சைக்கிளுக்கு எண்டு சொல்லுங்கோ. ஒற்றைப் பல்லுச் செயினின்ரை உள்அகலம் அங்குலத்திலை 8 இலை 1, கியர்ச் செயினின்ரை அகலம் 32 இலை 3. கியர் லொக்கின்ரை ஊசி உங்கடை செயினுக்குக் கட்டை, மற்றப் பக்கத் தகட்டைத் தாண்டி வராது.

பூட்டேக்கை இரண்டு நுனியையும் பிறீவீலின்ரை பல்லிலை பக்கம் பக்கமா வைச்சால் பல்லே பிடிச்சுக்கொள்ளும், இன்னொரு கை தேவையில்லை. ஊசித் துண்டை உள்பக்கத்தாலை விட்டு, வெளியிலை பக்கத்தகட்டைப் போட்டு, ஊசியின்ரை வெட்டுக் கோடு இரண்டும் முழுசாத் தெரியும் வரைக்கும் அமத்துங்கோ. பிறகு மீன்தகடு. மீன் எந்தப் பக்கம் நீந்துதோ அந்தப் பக்கம்தான் செயினும் ஓடவேணும்: செயினின்ரை மேல் ஓட்டத்திலை பார்த்தால் மூடின தலை முன்சில்லைப் பார்த்து, பிளந்த வால் பின்சில்லைப் பார்த்து. மாறிப் போட்டால் செயின் கவரிலையோ ஒரு தடியிலையோ உரசேக்கை வால் மாட்டித் தகடு கழண்டு போகும், றோட்டிலை செயின் விழுந்து கிடக்கும்.

உங்கடை செயினிலை லொக்கே இல்லையெண்டால் ஆணியாலை அடிக்கப் போகாதேங்கோ. அந்த நிலையிலை ஊசியை முழுக்க வெளியிலை எடுக்காமல் வெளித்தகட்டிலை ஒரு மில்லிமீற்றர் தொங்க விட்டு நிப்பாட்டி, திரும்ப அதையே உள்ளை தள்ள வேணும். திருகி அமத்துற கருவி இருந்தால்தான் அந்தக் கணக்குக்கு நிப்பாட்டலாம். இல்லாட்டில் புது லொக்கு ஒண்டு வாங்கி, இரண்டு நுனியும் உள்கண்ணியா வாற மாதிரி வெட்டுங்கோ.

ஒட்டுசுட்டான் பக்கம்:

செயினை வெட்டினபிறகு கம்பி மாதிரி விறைப்பா இழுத்து இறுக்கிவிடுங்கோ. கிறவல் றோட்டுக்கு அதுதான் சரி. கொஞ்சம் தொய்வு விட்டாலும் கழரும்.

கிறவல் றோட்டு:

அண்ணை சொல்லுறதை மறுக்க வேண்டியிருக்கு. விறைப்பு மோட்டார்சைக்கிளுக்கும் ஆகாது, சைக்கிளுக்கும் ஆகாது. முன் பல்சக்கரம் ஒருநாளும் முழு வட்டமா, சரி நடுவிலை நிக்கிறதில்லை. ஒரு சுத்திலை ஒரு இடத்திலை செயின் விறைக்கும், எதிர்ப்பக்கத்திலை தொய்யும். தொய்யிற இடத்திலை வைச்சுக் கம்பி மாதிரி இறுக்கினால், விறைக்கிற இடத்திலை முழு இழுவையும் பெடல் அச்சின்ரை குண்டுகளிலையும் பின்சில்லுக் குண்டுகளிலையும் விழும். பெடல் உழக்கப் பாரமா இருக்கும், ஒரு சுத்துக்கு ஒருக்கால் நறுக்கெண்டு கேட்கும், சில மாதத்திலை சில்லு இரண்டு பக்கமும் ஆடும்.

இறுக்கிற முறை இது. பின்சில்லைத் தூக்கி நிறுத்தி, பெடலை மெல்லச் சுத்திக்கொண்டு ஒவ்வொரு கால் சுத்துக்கும் செயினை நடுவிலை அசைச்சுப் பாருங்கோ. எங்கை ஆட்டம் குறைவோ அந்த இடத்திலை பெடலை நிப்பாட்டுங்கோ. அந்த இடத்திலைதான் அளவு எடுக்க வேணும்: மேலையும் கீழையும் சேர்த்து அரை அங்குல ஆட்டம். மற்ற இடங்களிலை அது முக்கால் அங்குலம் வந்தாலும் செயின் கழராது. விறைக்கிற இடத்துக்கும் தொய்யிற இடத்துக்கும் வித்தியாசம் ஒரு அங்குலத்தைத் தாண்டினால் முன்சக்கரம் வளைஞ்சிருக்கு, அல்லது பெடல் அச்சு ஆடுது. அதைத் திருத்தாமல் செயினோடை மல்லுக்கட்டிப் பயனில்லை.

சில்லை நேராக்கிறதிலைதான் கனபேர் பிழைவிடுறவை. இரண்டு நட்டையும் ஒரேயடியா இறுக்காதேங்கோ. செயின் பக்கத்து நட்டைச் செயின் அளவுக்கு வைச்சு அரைவாசி இறுக்குங்கோ. பிறகு பெடல் அச்சுக்குப் பின்னாலை, இரண்டு குழாய்க்கும் நடுவிலை ரயர் நிக்கிற இடத்தைப் பார்த்து, இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி வாற மாதிரிச் சில்லைக் கையாலை தள்ளிப் பிடிச்சு மற்றப் பக்க நட்டை இறுக்குங்கோ. செயின் பக்கத்தை இளக்கித் திரும்பப் பாருங்கோ. சில்லு ஒரு பக்கம், மற்றப் பக்கம் எண்டு நடந்து நடந்து பின்னுக்குப் போகும். கடைசியா இரண்டையும் முழுசா இறுக்கினபிறகு செயின் ஆட்டத்தைத் திரும்ப அளவுங்கோ. நட்டு முறுகேக்கை செயின் பக்கத்து அச்சு நகருறது வழமை.

வோஷர் ஒழுங்கு: காடிக்கு வெளிப்பக்கத்திலை மட்காட் கம்பி, கரியர்க் கால், அதுக்கு மேலை வோஷர், பிறகு நட்டு. வோஷர் இல்லாமல் நட்டு நேரா கரியர்க் காலிலை இருந்தால் இறுக்கேக்கை காலையும் இழுத்துக்கொண்டு திரும்பும், விறகோ நெல்லு மூட்டையோ ஏத்தினால் இளகும். இளகினால் செயின் பக்க அச்சு முன்னுக்கு இழுபடும், செயின் திரும்பவும் தொய்யும். கரியரிலை பாரம் ஏத்துற சைக்கிளிலை செயின் கழர இது பெரிய காரணம்.

அக்கான்ரை சைக்கிளிலை சில்லு 12 மில்லிமீற்றர் முன்னுக்கு வரப்போகுது. அதாலை வேறை இரண்டு விசயம் மாறும், கட்டாயம் பாருங்கோ.

முதலாவது பிறேக். பின் பிறேக் சீற்றுக்குக் கீழை சாய்ஞ்ச குழாயிலை இருந்து றிம்மின்ரை பக்கத்தைப் பிடிக்கிற வகை எண்டால், சில்லு 12 முன்னுக்கு வரப் பிறேக் கட்டை றிம்மிலை 6 மில்லிமீற்றர் அளவு கீழை இறங்கும், கம்பிப் பக்கமா. கட்டையின்ரை பாதி றிம்மை விட்டு வெளியிலை நிண்டால் பிடி குறையும், கம்பியிலையும் மாட்டலாம். கட்டையின்ரை நட்டை இளக்கி மேலை ஏத்திப் பூட்டுங்கோ, ரயரிலை முட்டாமல். பழைய மாதிரி இரும்புக் கம்பியாலை இழுத்து றிம்மின்ரை உள்வளைவைப் பிடிக்கிற பிறேக் எண்டால், கட்டைக்கும் றிம்முக்கும் இடைவெளி கூடும், பிடி தாமதமா விழும். கம்பியின்ரை திருகாணியிலை எடுத்துச் சரிப்படுத்தலாம்.

இரண்டாவது ரயர். பெடல் அச்சுக்குப் பின்னாலை மட்காட்டுக்கும் ரயருக்கும் இடையிலை ஒரு விரல் போகவேணும். மாரியிலை ஈரமண் அதுக்குள்ளை அடையும், இடைவெளி காணாட்டில் சில்லு சுத்தாது. நெத்தலியாறு, இரணைமடுப் பக்கத்து வாய்க்கால் றோட்டுகளிலை இதைப் பார்த்துத்தான் வைக்கவேணும்.

எல்லாம் செய்தும் கழண்டால், சைக்கிளுக்குப் பின்னாலை குந்தி இருந்து ஒரு கண்ணாலை செயினின்ரை நேரைப் பாருங்கோ. முன்சக்கரமும் பிறீவீலும் ஒரே கோட்டிலை நிக்கவேணும். சக்கரம் சுத்தேக்கை பக்கவாட்டிலை நெளிஞ்சால் வளைவு இருக்கு. கிறாங்கின்ரை கொட்டர்பின் (பெடல் கையை அச்சோடை பிடிக்கிற ஆப்பு) தேய்ஞ்சிருந்தால் கையாலை பெடலைப் பிடிச்சு ஆட்டேக்கை டொக்கெண்டு தெரியும். பிறீவீலின்ரை பல்லு ஒரு பக்கம் சரிஞ்சு கொக்கி மாதிரி நிண்டால் அதை மாத்தவேணும். அதுக்கு உரிய சாவி வேணும், ஆணி வைச்சுத் தட்டிக் கழட்டப் பார்த்தால் வெட்டு உடைஞ்சு பிறகு ஒருத்தராலையும் கழட்ட ஏலாது.

துணுக்காய்த் தம்பி:

இதோடை ஒரு கேள்வி. 7 கியர் சைக்கிளுக்குப் புதுச் செயின் வாங்கினால் நீளமா இருக்கு. இதே கணக்கோ?

குளக்கட்டு:

இல்லைத் தம்பி, வேறை. கியர் சைக்கிளிலை தொய்வை எடுக்கிறது பின்னாலை தொங்குற இரண்டு சின்னச் சக்கரமும் வில்லும். அங்கை பயம் தொய்வு இல்லை, கட்டையாப் போறது.

புதுச் செயினை அந்தச் சின்னச் சக்கரங்களுக்குள்ளாலை விடாமல், முன்னாலை இருக்கிற பெரிய சக்கரத்தையும் பின்னாலை இருக்கிற பெரிய பல்லையும் சுத்தி நேரா இழுத்துப் பிடி. நுனிகள் சந்திக்கிற இடத்துக்கு மேலை இன்னொரு அங்குலம், அதாவது ஒரு சோடி, விட்டு வெட்டு. சோடி சரியா அமையாட்டில் அடுத்த சோடிக்குக் கூட்டு, குறைக்காதே. அதைவிடக் கட்டையா வெட்டினால், தெரியாமல் பெரிசுக்குப் பெரிசு கியர் போட்ட நேரம் கியர்க்கை (அந்தச் சின்னச் சக்கரங்கள் பூட்டியிருக்கிற கை) முறுகிச் சில்லுக் கம்பிக்குள்ளை போகும். பழைய செயின் சரியா ஓடினது எண்டால் அதின்ரை ஊசியை எண்ணி அதே எண்ணிக்கைக்கு வெட்டுறது இன்னும் லேசு. நீளத்தை வைச்சு ஒப்பிடாதே, பழையது தேய்ஞ்சு நீண்டிருக்கும்.

7 கியருக்கு மீன்தகட்டு லொக்கும் போடாதே. அது கியர் மாறேக்கை பக்கத்துப் பல்லிலை உரசும். கையாலை மடிச்சுக் கழட்டுற தகடில்லாத லொக்கு இருக்கு, 6, 7, 8 கியருக்கு எண்டு கேட்டு வாங்கு.

விசுவமடு வாசி:

106 ஐ 104 ஆக்கியாச்சு. மூண்டாவது உருளை எண்டு சொன்னது உதவினது, இல்லாட்டில் பிழையான ஊசியைத்தான் அடிச்சிருப்பன். அச்சு இப்ப காடிக்கு நடுவிலை நிக்குது. பிறேக் கட்டையை மேலை ஏத்தினாச்சு. ஒரு கண்ணி மட்டும் மடங்காமல் விறைச்சுக்கொண்டு பிறீவீலிலை குதிக்குது, லொக்குக்குப் பக்கத்திலை இருக்கிறது. செயினுக்குத் தேங்காயெண்ணெய் விடலாமோ, பழைய எஞ்சின் ஓயிலோ?

பரந்தன் சந்தி:

விறைச்ச கண்ணி: லொக்குத் தகட்டை அமத்தேக்கை கூடப் போயிருக்கு, அல்லது ஊசி அடிக்கேக்கை பக்கத்து உள்தகடு நெருங்கியிருக்கு. அந்த மூட்டுக்கு இரண்டு பக்கமும் செயினைப் பிடிச்சு, அது மடங்குற பக்கமா இல்லாமல் பக்கவாட்டிலை, உங்களைப் பார்த்தும் எதிர்ப்பக்கம் பார்த்தும் மெல்ல இரண்டு மூண்டு தரம் வளையுங்கோ. இளகும். தன்ரை பாரத்திலையே மடிஞ்சு விழுந்தால் சரி.

தேங்காயெண்ணெய் வேண்டாம். செம்மண் தூசியைப் பிடிச்சு வைச்சுக்கொள்ளும். அந்தத் தூசியும் எண்ணெயும் சேர்ந்தால் அரத்தூள் விட்டு அரைக்கிற மாதிரி, ஊசி தேயிறது அதாலைதான். பழைய எஞ்சின் ஓயிலிலை ஏற்கெனவே கரியும் இரும்புத்தூளும் இருக்கு, அதுவும் வேண்டாம். தையல் மெசின் ஓயில் மெல்லிசு, மழை ஒண்டோடை கழுவுப்படும். கோடையிலை அடிக்கடி விடுறதெண்டால் பரவாயில்லை. புது எஞ்சின் ஓயில் கொஞ்சம் இருந்தால் காணும்.

மண்ணெண்ணெயிலை நனைச்ச துணியாலையும் பழைய பல்லுத்தூரிகையாலையும் செயினைத் தேய்ச்சுத் துடைச்சு, நல்லாக் காயவிட்டு, உள்பக்கத்தாலை ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு விடுங்கோ. 104 உருளைக்கு 104 சொட்டு, எல்லாம் சேர்ந்து ஒரு தேக்கரண்டி அளவுதான். பெடலைப் பின்னுக்கு முப்பது சுத்துச் சுத்தி, பத்து நிமிசம் விட்டு, வெளியிலை தெரியிற எண்ணெய் முழுக்கத் துடைச்சு எடுங்கோ. தொட்டால் விரல் கறுக்காமல் இருக்கிறதுதான் கணக்கு. றிம்மிலையும் பிறேக் கட்டையிலையும் ஒரு சொட்டும் படக்கூடாது.

கோடையிலை இரண்டு கிழமைக்கு ஒருக்கால் காணும். மாரியிலை மழைக்குள்ளை ஓடின அண்டைக்கே துடைச்சு விடுங்கோ. முல்லைத்தீவு, அளம்பில் கரையோரத்திலை இருக்கிற ஆக்களுக்கு உப்புக்காத்திலை ஒரு இரவுக்குள்ளையே துரு ஏறும், அவைக்குக் கிழமைக்கு ஒருக்கால்.

கிறவல் றோட்டு:

அக்கா, முதல் கிழமை கழிய இரண்டு சில்லு நட்டையும் ஒருக்கால் இறுக்கிப் பாருங்கோ, புதுசா இருந்த இடத்திலை கொஞ்சம் இளகும். வெட்டி எடுத்த சோடிக் கண்ணியை எறிய வேண்டாம். ஒரு புது லொக்கோடை சேர்த்து எண்ணெய்த் துணியிலை சுத்தி, சீற்றுக்குக் கீழை கட்டி விடுங்கோ. கண்ணி ஒண்டு உடைஞ்சால் அதிலை இருந்து எடுத்துப் போடலாம். அதே அளவுக்குத் தேய்ஞ்ச கண்ணி எண்டபடியால் பல்லிலையும் சரியா இருக்கும்.